மருத்துவச்சியர் நின்றதும் நீங்கியதும்

'மருத்துவன்' என்னும் ஆண்பாற்சொல் எல்லாப் பிணிக்கும் மருந்து தருவோனைக் குறிக்கும். அதற்கு இணையான பெண்பாற்சொல்லாகிய 'மருத்துவச்சி' என்பதோ நம் வழக்கில் பிள்ளைப்பேறு பார்ப்பவளுக்கே உரியதாக நின்றுவிட்டது. இறைவனையே அத்தொழிலில் வைத்துக் கண்டவர் தமிழர். சிராப்பள்ளிக் குன்றில் எழுந்தருளியுள்ள பெருமானுக்குத் தாயுமானவர் என்பது பெயர். காவிரியில் வெள்ளம் பெருகிவிட, மகளின் பேற்றுக்கு வரமாட்டாமல் தாய் அக்கரையில் தவித்தாள் என்றும், இறைவன் அத்தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தான் என்றும் தலவரலாறு கூறும்.

மலாயாவின் பால்மரக் காடுகளுக்கு மிகுதியாக ஆள் வந்த மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. அங்கிருந்து கப்பலேறிய பெண்டிரின் தாயர் இருந்தது காவிரிக்கு அக்கரையில் அன்று, கடலுக்கு அக்கரையில். இக்கரையில் அவர்களுக்குப் பேறு பார்த்தவர் யாவர்? அவர்கள் எதனால் அத்தொழிலில் நின்றனர், எதனால் நீங்கினர்? பேராக் மாநிலத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாக இருக்கும் எனக்கு இவ்வினா நெடுநாளாக உண்டு. பள்ளிக்கும் மருத்துவச்சிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். அத்தொடர்பு பின்னர்ப் புலப்படும்.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. உலகில் ஏறத்தாழ 9 லட்சம் மருத்துவச்சியர் குறைவாக உள்ளனர் என்று ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியமும் உலகச் சுகாதார நிறுவனமும் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டன. இங்கிலாந்தில் மேவிஸ் கர்க்கம் என்னும் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் மருத்துவச்சியர் ஏன் தொழிலை விடுகின்றனர் என்று ஆராய்ந்து 2002இல் ஒரு நூலும், ஏன் நிலைத்து நிற்கின்றனர் என்று ஆராய்ந்து 2006இல் மற்றொரு நூலும் வெளியிட்டனர். ஊதியக் குறைவே முதற்காரணமாக இருக்கும் என்று நாம் எண்ணுவோம். முதலிடம் பெற்ற காரணம் வேறாக இருந்தது. தாம் கற்றவாறு, தமக்குச் சரியென்று பட்டவாறு பேறு பார்க்க இயலவில்லை என்பதே விலகியோர் பலரின் குறை. நின்றோரும் தம்மை நாடி வரும் தாய்மாரோடு உள்ள உறவையும் உடன் பணிபுரிவோரின் துணையையுமே தம்மை நிறுத்தும் காரணங்களாகக் கூறினர். நூலகத்தில் இருந்து இதனைப் படித்தபோது எனக்கு நினைவில் வந்தவர் எங்கள் லயத்து மருத்துவச்சிப் பாட்டி.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இத்தொழில் பெரும்பாலும் நாவிதர் குலப் பெண்டிர்க்கு உரியதாக இருந்தது. அக்குலத்தார்க்கு மருத்துவர் என்னும் பெயர் வழங்குவதை நாம் அறிவோம். களத்து நெல்லில் ஒரு பங்கும், விழாக் காலத்தில் ஒரு சேலையும் அவர்களுக்கு உரிமை. உயிரைக் காக்கும் தொழிலாயினும் தீட்டுடைய தொழில் என்று அதனைத் தாழ்த்தி வைத்ததும் அதே ஊர்தான். நம் கல்வெட்டுகளிலும் அவள் எளிதில் தென்படுவதில்லை. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலர்சாலையைப் பற்றிக் கூறுகிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொண்டு வருவோர், மருந்தடும் பெண்டிர், நாவிதர் எனப் பணியாளர்க்கெல்லாம் அதில் கூலி வரையறுக்கப்பட்டுள்ளது. மருத்துவச்சிக்கு அப்பட்டியலில் இடமில்லை. கோயிலைச் சார்ந்த சாலையாதலின் அதற்குத் தேவையில்லை என்று கூறலாம். எவ்வாறாயினும், ஏட்டில் ஏறாமல் தொழில் செய்தவள் அவள் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

தோட்டத்துக்கு வந்தபோது குலத்தின் பிடி சற்றே தளர்ந்தது. பல ஊர், பல குலத்து மக்கள் ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் வாழ்ந்தனர். குலம் பார்த்து மருத்துவச்சியைத் தேட அங்கு வாய்ப்பில்லை. கைப்பழக்கம் உடையவளே மருத்துவச்சி ஆனாள். எங்கள் பாட்டி அக்குலத்தில் பிறந்தவர் அல்லர். தம் மாமியாரிடம் கற்றுக்கொண்டவர். ஆனால் அவருடைய வாழ்வு தொழிலால் நடக்கவில்லை. அவர் பால்மரம் சீவும் தொழிலாளி. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். இரவெல்லாம் ஒரு வீட்டில் விழித்திருந்து பிள்ளையை ஏந்திய கையோடு அவர் பெரட்டுக்கு ஓடிய நாட்கள் பல என்று என் அன்னை கூறுவார். போகாவிட்டால் அன்று பெயர் விழாது. பெயர் விழாவிட்டால் கூலி இல்லை. பேறு பார்த்ததற்குக் கிடைத்ததோ வெற்றிலை பாக்கும், சில வெள்ளியும், பதினாறாம் நாள் தீட்டுக் கழிக்கும்போது ஒரு சேலையும். என் தமக்கையர் இருவரும் நானும் அவர் கையில் பிறந்தவர்கள். என் தங்கை பிறந்தது பத்து காஜா மருத்துவமனையில்.

சட்டம் என்ன செய்தது என்பதையும் காண்போம். மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1912இலும் பின்னர் 1923இலும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இயற்றப்பட்டன. வேலையாட்களுக்கு மருத்துவமனை அமைக்குமாறு தோட்ட நிருவாகத்துக்கு ஆணையிட அரசுக்கு அதிகாரம் இருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. ஆகவே தோட்டப் பள்ளியும் தோட்ட மருத்துவமனையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் எனலாம். இரண்டும் பெரும்பாலும் சட்டத்துக்குப் பயந்து பெற்ற பிள்ளைகள். பள்ளியில் கிராணியோ கங்காணியோ எழுத்துக் கற்பித்தது போலவே மருத்துவமனையில் டிரெசர் ஒருவர் எல்லாம் பார்த்தார். சிறு தோட்டங்கள் பல கூடி ஒரு மருத்துவமனை நடத்தியதும் உண்டு.

டிரெசரை மக்கள் 'டாக்டரையா' என்பர். மலேரியாவுக்குக் கொயினா கொடுப்பதிலும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதிலும் அவர் வல்லவர். ஆயினும் அவர் ஆண். இடுப்புவலி கண்ட பெண் ஆடவர் கையில் உடம்பை ஒப்படைக்க நாணினாள். இதனால் சட்டப்படி மருத்துவமனை இருந்தும் லயத்து வீட்டிலேயே பேறு நடந்தது. சட்டம் அறியாத மருத்துவச்சியே அதனைப் பார்த்தாள். அவளை நிறுத்தி வைத்தவை அந்த நாணமும், பக்கத்து அறைப் பெண்ணைக் கைவிடலாகாது என்ற கடப்பாடும்தாம்.

இங்கே ஒன்றை மறைக்கலாகாது. பழைய முறையில் இழப்பு மிகுதி. தூய்மையற்ற கத்தியால் கொப்பூழ்க்கொடி அறுத்துப் பிறந்த சில நாட்களிலேயே இசிவு கண்டு மாண்ட குழவிகள் பல. குருதி நில்லாமல் இறந்த தாயர் பலர். மலேரியாவால் குருதி வற்றிய பெண்களுக்குப் பேறு என்பது மறுபிறப்பாகவே இருந்தது. மருத்துவச்சியைப் போற்றுவதற்காக அக்காலத்தைப் போற்ற வேண்டியதில்லை.

இனித் தோட்டத்தை விட்டு இப்போ நகருக்கு வருவோம். பயிற்சியும் உரிமையும் பெற்ற மருத்துவச்சி ஒருவர் எவ்வாறு நின்றார் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. சிபில் கார்த்திகேசு 1899 செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்தவர். தந்தை ஐரிஷ் கலப்பினத்துத் தோட்டக்காரர். தாய் பிரெஞ்சுக் கலப்பினத்தவர், அவரும் மருத்துவச்சியே. சிபில் செவிலியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்று, 1919இல் தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழரான டாக்டர் கார்த்திகேசுவை மணந்தார். அவ்வாண்டிலேயே பிறந்த அவருடைய முதற்பிள்ளை ஒரு நாள் கூட வாழவில்லை. 1926 முதல் கணவனும் மனைவியும் இப்போவில் புருஸ்டர் சாலை 141ஆம் எண் மனையில் மருந்தகம் நடத்தினர். அச்சாலை இப்பொழுது சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை எனப்படுகிறது. அவருக்குக் கண்டோனீஸ் மொழி தாய்மொழி போல் வரும். வலியில் கிடக்கும் பெண்ணிடம் அவள் மொழியிலேயே பேச வல்ல மருத்துவச்சிக்குச் சீனர் நிறைந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் எத்துணை மதிப்பு இருந்திருக்கும் என்பதை ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1941 டிசம்பரில் சப்பானியர் குண்டு வீசியபோது அக்குடும்பம் இப்போவை விட்டுப் பாப்பான் என்னும் ஈயச் சுரங்கச் சிற்றூருக்குப் போயிற்று. (மலாய் மொழியில் பாப்பான் என்றால் பலகை.) அங்கே மெயின் தெரு 74ஆம் எண் வீட்டில் மீண்டும் மருந்தகம் திறந்தனர். பகலில் ஊர்ப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மருத்துவம். இரவில் காட்டிலிருந்து காயத்தோடு வரும் சப்பானிய எதிர்ப்புப் படையினர்க்கு மருத்துவம். தடைசெய்யப்பட்ட வானொலி ஒன்றையும் மறைத்து வைத்துச் செய்தி கேட்டனர். 1943இல் கணவரும் அவரும் சிறைப்பட்டனர். சப்பானிய இராணுவப் போலீசார் அவரைச் செய்த வதையை இங்கு விரிக்க மனம் வரவில்லை. பெற்ற சிறுமகளைத் தீயின் மேல் கட்டித் தொங்கவிடுவோம் என்று அச்சுறுத்தியும், மருந்து பெற்றுச் சென்றோர் பெயரை அவர் சொல்லவில்லை. 1945இல் விடுதலையானபோது அவரால் நடக்க இயலவில்லை. மருத்துவத்துக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 சூன் 12ஆம் நாள் ஸ்காட்லாந்தில் காலமானார். மறு ஆண்டு அவருடைய உடல் இப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய வாழ்க்கைக் குறிப்பு 'நோ டிராம் ஆப் மெர்சி' என்னும் பெயரில் 1954இல் நூலாக வந்தது.

நாட்டு வரலாறு எழுதுவோர் அவரை வீராங்கனையாக எழுதுவர், அது தகும். நான் அவரை மருத்துவச்சியாகவே காண விரும்புகிறேன். வந்தவர் யார், எக்கட்சி என்று கேளாமல் கதவைத் திறப்பது மருத்துவச்சியின் தொழிலறம். நள்ளிரவில் கதவு தட்டும் ஓசைக்கு எழுந்து பழகியவர் அவர். அவர் நின்றதற்குத் துணிவு மட்டும் காரணமன்று. மருந்தகம் தம்முடையது, முடிவெடுக்கும் உரிமை தம்முடையது, கணவர் உடன் நின்றார், பயிற்சியை உலகம் ஒப்புக்கொண்டிருந்தது, ஊரார் பெயர் சொல்லித் தேடி வந்தனர். தோட்டத்துப் பாட்டிக்கு இவற்றுள் கடைசி ஒன்றுதான் வாய்த்தது. இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் அரை நூற்றாண்டுக்குப் பின் கண்ட காரணங்களோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

சிபில் மறைந்த நான்காம் நாள், 1948 சூன் 16இல், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் கொல்லப்பட்டனர். அவசரகாலம் தொடங்கிற்று. லயங்கள் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. ஊரடங்கு வந்தது. பேறுவலிக்கு ஊரடங்கு தெரியாது. வேலிக்கு வெளியே இருந்த வீட்டுக்கு மருத்துவச்சி போக இயலாமற்போன இரவுகளைப் பற்றி எங்கள் தோட்டத்து முதியோர் பேசக் கேட்டிருக்கிறேன். சில தாயர் அதனால் மருத்துவமனைப் பேற்றுக்குப் பழகினர் என்றும் கூறுவர்.

மலாயா விடுதலை பெற்ற 1957இல் 1 லட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 280 தாயர் இறந்தனர். அந்நிலையை மாற்றியது நாட்டுப்புறச் சுகாதாரத் திட்டம். 50,000 மக்களுக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையம், 10,000 மக்களுக்கு ஒரு துணை நிலையம், 2,000 மக்களுக்கு ஒரு மருத்துவச்சி நிலையம் என்று அது வகுக்கப்பட்டது. அத்திட்டத்தின் உயிர்நாடி மூன்றாவதாகக் கூறியதே. முன்னறை மருந்தகம், பின்னறை மருத்துவச்சியின் குடியிருப்பு. பயிற்சியும் சம்பளமும் வீடும் பெற்று, தான் பேறு பார்க்கும் மக்களிடையே அவள் வாழ்ந்தாள். கம்பத்துப் பாட்டியரை அரசு பகைக்கவுமில்லை. 1966ஆம் ஆண்டு மருத்துவச்சியர் சட்டம், பயிற்சிச் சான்று இல்லாது வழக்கத்தால் பேறு பார்த்து வந்தோரும் பதிவு பெற வழி செய்தது. அரசு மருத்துவச்சி அவர்களோடு இணங்கிப் பணி செய்தாள். தாய் இறப்பு வேகமாகக் குறைந்ததற்கு இவ்விணக்கமும் ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர் பிறநாட்டார்க்கு எடுத்துக்காட்டுகின்றனர்.

ஆனால் தோட்டம் தனியார் நிலம். அங்கே வாழ்வோரின் நலம் நிருவாகத்தின் பொறுப்பு என்று விடப்பட்டதால் இந்த நிலையங்கள் நம் மக்களை அணுகாமல் அருகிலிருந்த கம்பங்களில் எழுந்தன. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்திலும் இதுவே கதை. நாட்டு மருத்துவமாது ஊர்தோறும் நடந்து பணிபுரிந்தபோதும் தோட்டத்து எல்லை தனியாகவே நெடுநாள் இருந்தது. பெரிய தோட்டங்கள் சில பயிற்சி பெற்ற மருத்துவச்சியரை அமர்த்தின. எனினும் அவர்கள் டிரெசருக்குக் கீழ்ப்பட்டவர். தோட்டம் கைமாறினால் வேலையும் போகும். கைமாறவும் செய்தது. 1950களிலும் 60களிலும் ஐரோப்பியர் விட்டுச் சென்ற தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. நூறு ஏக்கரும் இல்லாத துண்டுக்கு மருத்துவமனையா, பிள்ளைக் கொட்டகையா, பள்ளியா? முதலில் மூடப்பட்டவை இவையே. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்க முனைந்தது இவ்வாறு சிதறுவதைத் தடுக்கவேயாம்.

1969இல் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை பெர்மிட் முறை வந்தது. பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். எங்கள் மருத்துவச்சிப் பாட்டி திரும்பவில்லை. அவர் விலகியது வேறு வகை. 1970களின் நடுவில், தோட்டத்திலிருந்து நகர் மருத்துவமனைக்கு லாரியும் பின்னர் வேனும் ஓடத் தொடங்கின. வலி கண்டவுடன் வண்டி வரும். ஒரு நாள் அவரும் ஒரு பெண்ணோடு வண்டியேறிச் சென்றார். ஒரு மருத்துவமனையின் வாயிலில், உறவினர் அல்லாதார் உள்ளே வரலாகாது என்று அவரை நிறுத்தினர். நிறுத்தியவர் செய்தது விதிப்படி சரியே. பாட்டி விடியும்வரை வெளியே மரத்தடியில் அமர்ந்திருந்துவிட்டு வந்தார். அதன்பின் யார் அழைத்தும் போகவில்லை என்று என் அன்னை கூறுவார். காய மருந்து இடிப்பதும் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் மட்டும் சில ஆண்டு தொடர்ந்தன.

நிலைத்து நின்ற அரசு மருத்துவச்சியின் கதையும் இங்கே முடியவில்லை. 1970களில் மலேசியாவின் மருத்துவச்சி நிலையங்கள் 'கிளினிக் டேசா' ஆயின. 'பிடான்' என்று அழைக்கப்பட்டவள் மேற்பயிற்சி பெற்று 'சூருராவாட் டேசா', அதாவது ஊர்ச் செவிலி, ஆனாள். பேற்றோடு தடுப்பூசி, குடும்ப நலம், சிறு நோய் மருத்துவம் எல்லாம் அவள் தலையில் ஏறின. இந்தியாவில் 1973இல் கர்த்தார் சிங் குழு துணைச்செவிலி மருத்துவச்சியைப் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளராக மாற்றப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் அவள் இன்று கிராம சுகாதாரச் செவிலியர். இலங்கையில் மருத்துவமாது குடும்பநல உத்தியோகத்தர் எனப்பட்டாள். மூன்று நாடும் தம்முள் பேசிவைத்துக்கொண்டு செய்தவை அல்ல இவை. ஆயினும் மூன்றிலும் மருத்துவச்சி என்னும் பெயர் நீங்கியது. பேறு மருத்துவமனைக்குப் போயிற்று; அவள் கையில் பதிவேடுகள் தங்கின. வேலையை விடாமலே தொழிலை விட்டவர் இவர்கள். இங்கிலாந்து நூல்கள் இத்தகையோரைக் கணக்கிடவில்லை.

இன்று மலேசியாவில் ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் பயிற்சி பெற்றோர் கையில் நடைபெறுகின்றன. நம் பெண்கள் முன்போல் இறப்பதில்லை. இம்மாற்றம் வேண்டியதே. பாட்டிக்கு வாயிலில் ஒரு நாற்காலி போட்டிருந்தால் இம்மாற்றம் கெட்டிருக்குமா என்பதே என் கேள்வி.

பள்ளிக்கும் இதற்கும் உள்ள தொடர்பைச் சொல்வதாக எழுதினேன். முதலாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும்போது பிறப்புப் பத்திரம் கேட்கிறோம். எங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் 'பிறந்த இடம்' என்னும் பகுதியில் தோட்டத்தின் பெயரே பக்கம் பக்கமாக இருக்கும். பின்னர் பத்து காஜா, இப்போ என்று ஊர்ப் பெயர்கள் தலைகாட்டும். நான் தலைமையாசிரியனாக வந்த பின் தோட்டத்தின் பெயரை அப்பகுதியில் ஒருமுறையும் எழுதியதில்லை. பழைய பக்கங்களிலோ சில இடங்கள் வெறுமையாக உள்ளன. லயத்து வீட்டில் பிறந்து, பதிவு செய்யப்படாமல் விடப்பட்டோர் அவர்கள். சிலர் இன்றும் சிவப்பு அடையாள அட்டையோடு, சிலர் அதுவும் இன்றி இருக்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மாள் என்னிடம் வந்தார். பிறப்பைக் காலந்தாழ்த்திப் பதிய முயல்வதாகவும், பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும் என்றும் கேட்டார். பதிவேட்டைத் தேடி எடுத்தேன். அவர் பெயர் இருந்தது. அவர் கொண்டுவந்த தாளில், பிறந்தபோது உடனிருந்தவர் யார் என்ற வினாவுக்கு எதிரே இடம் விட்டிருந்தனர். "மருத்துவச்சிப் பாட்டி சார், உங்களைப் பார்த்தவங்கதான்" என்றார் அம்மாள். பாட்டியின் முழுப்பெயர் இருவருக்குமே தெரியவில்லை. என் அன்னையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு எழுதினேன். அடுத்த கட்டத்தில் அவருடைய அடையாள அட்டை எண்ணைக் கேட்டிருந்தார்கள்.